சிஐ ரெப்ரஸர் சர்க்யூட்: வளைவு ஒருவழியாகச் செங்குத்தாகிவிட்டது

லாம்டா ஃபேஜ் என்ற வைரஸின் டிஎன்ஏயில் உட்கார்ந்து மரபணுவை அடக்கும் புரதம் (ரெப்ரஸர்) சிஐ; அது உட்காருவதை டிரான்சிஸ்டர்களால் போலச் செய்யும் சர்க்யூட் இது. வெளியீடு ஏற இப்போது வெறும் 64 மில்லிவோல்ட்! ஒற்றைப் பிணைப்பிடத்தோடு அளந்தபோது வெளியீடு 10 சதவீதத்திலிருந்து 90க்கு ஏற 114 மில்லிவோல்ட் வேண்டியிருந்தது. செறிவுக் கணக்கில் அது 81 மடங்கு. இப்போது 12 மடங்கு கூட இல்லை.

எமிட்டர்களை ஒன்றாகக் கட்டினால் டிரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தைப் பங்கு போடுவதும், புரதம் டிஎன்ஏயில் உட்காரும் நிகழ்தகவும் ஒரே போல்ட்ஸ்மன் கணக்குதான் (ஆற்றல் வித்தியாசத்தை வைத்து நிகழ்தகவைச் சொல்வது). பேஸில் 60 மில்லிவோல்ட் கூட்டினால் செறிவு 10 மடங்கு கூடியதாக அர்த்தம். ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் பிணைவதற்கு ஹில் 1910இல் எழுதிய சமன்பாட்டில் அடுக்கை 2 என்று போட்டு வரைந்திருந்தால் அரை மணி நேர வேலை. அந்த 2 எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அது சொல்லாது.

லாம்டா ஃபேஜ் டிஎன்ஏயில் சிஐ உட்காரும் இடங்களான ஓஆர்1, ஓஆர்2 இரண்டுக்கும் நாலு நிலை, நாலு டிரான்சிஸ்டர்: இரண்டும் காலி, ஏதாவது ஒன்றில் மட்டும் (இதற்கு இரண்டு), இரண்டும் நிரம்பியது. நிஜத்தில் இரண்டின் பிடிப்பும் சமமில்லை; இப்போதைக்குச் சமமென்று வைத்திருக்கிறேன். நாலாவதன் பேஸுக்கு இரு மடங்கு மின்னழுத்தம், அதற்கு மேல் ஒரு கூடுதல். சூட்சுமமெல்லாம் அந்தக் கூடுதலில்தான். அது பூஜ்யமானால் இடம் இரண்டு இருந்தும் 40 மடங்கு கேட்கிறது. 120 மில்லிவோல்ட் கொடுத்ததும் சரசரவென்று ஏறுகிறது. கைக்கு வந்த எண்ணில்லை இது: பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் சிஐ இருபடிகள் (இரண்டிரண்டாகச் சேர்ந்த மூலக்கூறுகள்) ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில் மோலுக்கு 2 முதல் 3 கிலோகலோரி மிச்சமாகிறது, அதாவது ஏறத்தாழ 90 முதல் 130 மில்லிவோல்ட். ஆனால் எவ்வளவு கூட்டினாலும் இரண்டு இடத்தை வைத்து 9 மடங்குக்குக் கீழே இறங்க முடியாது.

உயிரை வாங்கியது வெப்பநிலை. தனித்தனி 2என்3904 டிரான்சிஸ்டர்களைப் பசை போட்டு ஒட்டியும் பிரயோஜனமில்லை. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 2 மில்லிவோல்ட் நகரும். செறிவில் அது 8 சதவீதப் பிழை. வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் மின்விசிறியைப் போட்டாலே வளைவு சாயும். தீர்வு சிஏ3046. ஒரே சில்லில் ஐந்து டிரான்சிஸ்டர். ஐந்தாவதன் எமிட்டர் அடித்தளத்தோடு சேர்ந்திருப்பது பலருக்குத் தொல்லை; எனக்கு அதுவே வால் மின்னோட்டத்துக்கு (நாலு எமிட்டரும் பங்கு போடும் மொத்த மின்னோட்டம்) அளவெடுத்தது போல் பொருந்தியது. இணையத்தில் வாங்கியது போலி. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் ஒரு அங்கிள் அலமாரி அடியிலிருந்து பழைய சரக்கை எடுத்துத் தந்தார். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம், பத்து சுற்று டிரிம்பாட்டும் (திருகித் திருத்தும் மின்தடை) அங்கேயே கிடைக்கும்.

மூன்றாவது பிணைப்பிடமான ஓஆர்3 இன்னும் பாக்கி. அதற்குள் மனசு இரட்டை நிலை சுவிட்சுக்குத் தாவிவிட்டது: 2000இல் கார்ட்னர், கேன்டர், காலின்ஸ் மூவரும் ஈ. கோலை பாக்டீரியாவில் செய்தது போல ஒன்றையொன்று அடக்கும் இரண்டு மரபணுக்கள். ஒற்றைப் பிணைப்பிடத்தின் மந்தமான வளைவை வைத்து அது நடக்காது. இந்த வளைவு தாங்கும் என்று நினைக்கிறேன். அதற்கு இன்னொரு சிஏ3046 வேண்டும். சனிக்கிழமை அங்கிளிடம் கேட்க வேண்டும்.