ஒரு வசனமும் திரியேகமும்

இன்று காலை ஆராதனையில் பழைய தமிழ் வேதாகமத்திலிருந்து 1 யோவான் 5:7 வாசிக்கப்பட்டபோது, பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்பை விரித்திருந்த பக்கத்து இருக்கைப் பெண்ணின் விரல் அந்த வரியைக் காணாமல் பக்கத்தில் மேலும் கீழும் அலைந்தது.

பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்னும் அந்த வரி பழமையான கிரேக்கக் கைப்பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் சேர்க்காத அதை 1522இல்தான் சேர்த்தார்.

இதனாலேயே திரியேகத்துக்கு, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே தேவன் என்னும் கோட்பாட்டுக்கு, வேதத்தில் வேரில்லை என்பதை நான் ஏற்கவில்லை.

மத்தேயு 28:19 மூவரின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது. 2 கொரிந்தியர் 13:14 மூவரையும் ஒரே ஆசீர்வாதத்தில் இணைக்கிறது. கோட்பாட்டின் சொற்கள்தாம் 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய சபைச் சங்கங்களில் வகுக்கப்பட்டன.

குமாரன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுஸின் போதனையை எதிர்த்து வாதாடிய கிரேக்கச் சபைப் பிதாக்கள், தங்களுக்கு மிக வசதியாக இருந்திருக்கக்கூடிய இந்த வரியை மேற்கோள் காட்டவே இல்லை; அது இல்லாமலேயே திரியேகத்துக்காக வாதாடினார்கள்.