அம்மா நேர்ந்துகொண்டது

அப்பா படுக்கையில் விழுந்தபோது நாங்கள் எல்லாரும் சுகம் கேட்டுத்தான் செபித்தோம். அம்மா மட்டும், கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித தேவசகாயத்திடம் வேறொன்று கேட்டிருக்கிறாள். "விசுவாசம் தளராம நல்லபடியாப் போய்ச் சேரணும். அதை மட்டும் வாங்கித் தாரும். நீர் பாடுபட்ட இடத்துக்கெல்லாம் வந்து நன்றி சொல்லுகேன்." அப்பா இறந்து, ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்த பிறகுதான் இதை எங்களிடம் சொன்னாள். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. சுகத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே என்று.

அந்த நேர்ச்சைக்காகக் குமரி மாவட்டத்துக்குக் கிளம்பினோம். முதலில் புலியூர்க்குறிச்சி. இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எல்லா இடமும் காட்டி ஒரு மணி நேரத்தில் கொண்டு விடுகிறேன்" என்று ஒருவர் பையையே பிடித்துவிட்டார். நேர்ச்சை செலுத்த வந்தவர்களிடம் மணிக்கணக்கா? உள்ளேயும் கூட்டம், முண்டியடிப்பு. செபிக்க நின்றவர்களை நகரச் சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் சிலர்.

அதையெல்லாம் அம்மா கண்டுகொள்ளவில்லை. முட்டிடிச்சான் பாறையில், தாகத்தால் துடித்த தேவசகாயம் முழங்கையால் இடிக்கத் தண்ணீர் சுரந்த அந்த இடத்தில், கொஞ்சம் தண்ணீரைக் கையில் ஏந்தினாள். குடிக்கவில்லை. விரலை நனைத்துத் தன் உதட்டில் மெல்லத் தடவினாள். மறுபடி நனைத்தாள், மறுபடி தடவினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கடைசி நாட்களில் அப்பாவால் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்க முடியாது. பஞ்சை நனைத்து இப்படித்தான் அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருப்பாள். தண்ணீர் கேட்டு அவர் பார்க்கும் பார்வையை என்னால் தாங்க முடியாமல் வெளியே போய்விடுவேன். அவள் போகமாட்டாள். ஓர் இரவு வலி பொறுக்காமல் "ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாரா?" என்று கேட்டவர், விடிந்ததும் தலையணைக்கடியில் செபமாலையைத் தேடினார். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் பெற்ற அன்று நற்கருணையில் ஒரு சிறு துணுக்கைத்தான் சாமியார் நாவில் வைக்க முடிந்தது. அப்பா முகத்தில் அன்று இருந்த நிறைவை நான் எங்கே எழுத!

பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா எழும்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் காற்றாடிமலையில் சுடப்பட்டதைத்தான் எல்லாரும் பேசுகிறோம். என் மனம் அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே நிற்கிறது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749-இல் கைது. அதன்பிறகு எருமை மேல் பின்பக்கமாக உட்கார்த்திய ஊர்வலம், அடி, புண்ணில் மிளகாய், மரத்தோடு சேர்த்துச் சங்கிலி. 'கிறிஸ்துவை விட்டுவிடு, பழையபடி இரு' என்ற ஒரே வற்புறுத்தல் திரும்பத் திரும்ப. நேற்றுச் சொன்ன பதில் இன்றைக்குச் செல்லாது. ஒவ்வொரு விடியலிலும் புதிதாகச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் துறவியும் அல்ல, குருவும் அல்ல. மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது அப்பா இருந்தார். "நம்மளப் போல ஒருத்தர்" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

காற்றாடிமலையில் அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு ஆளையே தள்ளியது. கீழே நின்று செபித்தால் போதும் என்றேன். "பாதியில நிக்கவா நேர்ந்தேன்?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்து உட்கார்ந்து, 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே ஏறினாள். 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' என்று வரும் இடத்தில் மட்டும் அவள் குரல் காற்றையும் மீறிக் கேட்டது. தட்டினால் மணிபோல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைச் சிலர் விளையாட்டாகத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனம் வலித்தது. அவர்கள் நகர்ந்ததும் அம்மா ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். ஏறிவிட்டாளே, அதுவே போதும் எனக்கு. எத்தனை நன்றி சொன்னாலும் தீராது, ஆண்டவரே!

கடைசியாகக் கோட்டாறு சவேரியார் பேராலயம். அங்குள்ள தேவசகாயத்தின் கல்லறையில் நெற்றி வைத்து வெகுநேரம் இருந்தாள். பிறகு திருப்பலிக்கு எழுதிக்கொடுக்கப் போனோம். அப்பா பெயரைச் சொன்னேன். எழுதுபவர் "இறந்தவர் ஆன்மா இளைப்பாற்றிக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

அம்மா மேசையில் கையை ஊன்றி முன்னால் குனிந்தாள்.

"அதை நாங்க ஊர்ல வச்சாச்சு. இது நன்றித் திருப்பலி. நன்றின்னு எழுதுங்க."