ஒரு கடைவாய்ப் பல்

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லயன்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளில், வீடு வீடாகச் சென்று படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துவந்த ஆண்டுகளில், ஒரு தாய் என்னிடம் இரண்டு முறை, "சிஸ்டர், ஒரு ஊசியப் போட்டு இவன அனுப்பி வெச்சிடுங்க" என்று கேட்டிருக்கிறார். மகனுக்கு அப்போது 11 வயது. பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டவன். பேச்சில்லை, கழுத்து நிற்காது, நாளுக்கு நாலைந்து முறை வலிப்பு வரும். தேயிலைக் கறை ஏறிய விரல்களால் கஞ்சியை அவன் கன்னத்துக்குள் ஒதுக்கி ஊட்டிக்கொண்டே, ரேஷனில் எண்ணெய் வந்ததா என்று விசாரிப்பவரைப் போலத்தான் அவர் கேட்டார்.

நான் சட்டத்தைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பல்லாண்டுகள் நினைவிழந்து கிடந்த மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011இலும், அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பில் 2018இலும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதை மட்டுமே. ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றம். இவனிடமிருந்து விலக்குவதற்கோ கஞ்சிக் கரண்டியைத் தவிர எதுவும் இல்லை. வயது வரம்பை 2014இல் நீக்கிய பெல்ஜியத்தில்கூட, விவரம் புரிந்த குழந்தை தானே கேட்டாக வேண்டும். கேட்க வாயில்லாத பிள்ளைக்காக இன்னொருவர் கேட்கும்போது, முடிய வேண்டியது யாருடைய வேதனை என்பதை எப்படிப் பிரித்தறிவது?

அவர் முதல் முறை கேட்டபோது, அவன் இரண்டு மாதங்களாக இரவெல்லாம் அலறிக்கொண்டிருந்தான். நோய் முற்றுகிறது என்றே எல்லோரும், நானும் சேர்த்துத்தான், எடுத்துக்கொண்டோம். வலிப்பு மருந்தின் அளவும் கூட்டப்பட்டது. ஒருநாள் கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி, இறுகிய பற்களுக்கிடையே மெல்ல நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை சொத்தையாகி, ஈறு சீழ்கட்டி வீங்கியிருந்தது. மயக்க மருந்து கொடுத்தே எடுக்க முடியும் என்பதால் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக நேர்ந்தது. தாய்க்கு மூன்று நாள் கூலி போயிற்று. திரும்பி வந்த பிறகு அலறல் நின்றது. ஒரு சொத்தைப் பல்லுக்கு மரணத்தை மருந்தாகக் கேட்டிருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் கூச்சம் தருகிறது.

எல்லா வலிக்கும் இப்படிப் பிடுங்கி எறியக்கூடிய வேர் இருப்பதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்க 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் அதைத் தேடிப் போய் வெறுங்கையோடு மலையேறி வந்த நாட்கள் எனக்கு உண்டு. வலியைத் தேடாமலும் தணிக்காமலும் கருணையைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தேடித் தணித்தும் தீராத பிள்ளைக்கு என்ன செய்வது என்று யாரேனும் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

ஓராண்டு கழித்து அவர் இரண்டாம் முறை கேட்டபோது, நான் பதில் சொல்லாமல் முதலில் டார்ச்சைத்தான் எடுத்தேன். வாய், காது, இடுப்பு, முதுகுப் புண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை அவர் பொறுத்திருந்தார்.

"அவனுக்கு ஒண்ணுமில்ல, சிஸ்டர். இப்ப எனக்குத்தான் மேடு ஏறினா மூச்சு வாங்குது."