ரீஸ்டார்ட் பண்ணியா தம்பி?

நேற்று ராத்திரி 11 மணிக்கு மேல் இருக்கும். மாட்டுத்தாவணி கடையில் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னா ஊற்றியதும் ஆபீஸ் தம்பியிடமிருந்து போன். சர்வர்களைத் தானாக அமைத்துத்தரும் அன்சிபிளை வைத்து, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனை (குவெரிகளின் கணக்கு வைக்கும் கூடுதல் வசதி) போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அன்சிபிள் ஒரு சிவப்பு வரிகூட இல்லாம முடிஞ்சுச்சு. ஆனா பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸைத் தொட்டா எரர் அடிக்குது."

"சர்வரை ரீஸ்டார்ட் பண்ணியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

போஸ்ட்கிரஸில் நானும் விழுந்து எழுந்த குழிதான் இது. கிரியேட் எக்ஸ்டென்ஷன் கட்டளை சமர்த்தாக ஓடிவிடும், பட்டியலிலும் பெயர் வந்துவிடும். ஆனால் இந்த எக்ஸ்டென்ஷனுக்கு, ஷேர்ட்_ப்ரீலோட்_லைப்ரரிஸ் என்ற கான்ஃபிக் வரியில் (சர்வர் தொடங்கும்போதே ஏற்ற வேண்டியவற்றின் பட்டியல்) அந்தப் பெயரைச் சேர்த்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்தால்தான் வேலை செய்யும். கான்ஃபிகை மட்டும் மறுபடி படிக்கும் ரீலோட் போதாது. அன்சிபிளின் எக்ஸ்டென்ஷன் மாட்யூல் முதல் பாதியைத்தான் பார்த்துக்கொள்ளும். கான்ஃபிகும் ரீஸ்டார்ட்டும் நாம் தனியாக எழுத வேண்டிய டாஸ்க்குகள்.

அப்புறம், எக்ஸ்டென்ஷன் என்பது டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் தனி. ஒன்றில் போட்டுவிட்டு இன்னொன்றில் தேடக்கூடாது, லூப் போட வேண்டும். புது டேட்டாபேஸ்களுக்கு அச்சாக இருக்கும் டெம்ப்ளேட்1இல் போட்டாலும் இனிமேல் பிறக்கப்போகும் டேட்டாபேஸ்களுக்குத்தான் அது போகும், ஏற்கெனவே இருப்பவற்றுக்கு இல்லை.

எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குவது வேறு: அன்சிபிளில் ஸ்டேட்டை ஆப்சென்ட் என்று வைத்து (எக்ஸ்டென்ஷனை நீக்கு என்று அர்த்தம்), கூடவே கேஸ்கேடையும் (அதை நம்பி இருப்பவற்றையும் சேர்த்து நீக்கு) போடுவது. வரைபடத் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் எக்ஸ்டென்ஷன் மேல் அப்படி ஓட்டினால் டேபிளில் இட விவரங்கள் இருக்கிற ஜியோமெட்ரி நெடுவரிசையும் சேர்ந்தே போய்விடும். அந்த வரியை மட்டும் தம்பி கையில் நான் கொடுப்பதில்லை.

ஹேண்ட்லரில் (மாற்றம் நடந்தால் மட்டும் ஓடும் டாஸ்க்) ரீஸ்டார்ட் சேர்த்து அவன் மறுபடி ஓட்டி முடிப்பதற்குள் பரோட்டா கூழாகிவிட்டது.