கொழுத்த நாற்று

பண்ருட்டிப் பக்கம் சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறேன். நெய்வேலிச் சுரங்க மேட்டில் நட இரண்டாயிரம் சவுக்கு நாற்று கேட்டு ஒரு ஒப்பந்ததாரர் வந்தார். பச்சைப்பசேல் என்று இருந்தால்தான் எடுப்பார் என்று மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டிஏபி உரத்தைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேன். தளதளவென்று வந்தது. ஐப்பசியில் வண்டி ஏற்றும்போது எனக்கே பெருமை. சித்திரையில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் குச்சி.

வெயில் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். செத்த நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பை இருந்த அளவைத் தாண்டி வேர் போகவே இல்லை.

அந்த மேட்டு மண் நம் கொல்லை மண் இல்லை. பழுப்பு நிலக்கரிக்கு மேலே, நூறு இருநூறு அடி ஆழத்தில் கிடந்த மணலும் களியும். மக்கிய இலைதழை கிடையாது, மணிச்சத்து பேருக்குத்தான். வேரோடு கூடி வாழும் பூசணமும் இல்லை. மணிச்சத்து தண்ணீரோடு ஓடி வராது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரைத் தின்று தீர்த்ததும் பட்டினிதான். வேர்த்தூவியைவிட மெல்லிய பூசண இழை, வேர் எட்டாத இண்டு இடுக்கில் நுழைந்து எடுத்து வரும். கூலியாக மரம் சர்க்கரை கொடுக்கும். நான் ஊட்டி ஊட்டி வளர்த்த நாற்றுக்குக் கூலியாள் எதற்கு?

அப்பா விதைப் பாத்தியில் பழைய சவுக்குத் தோப்பு மண்ணைக் கூடையில் அள்ளிவந்து தூவுவார். ஏதோ சாங்கியம் என்று நினைத்திருந்தேன். அந்த மண்ணில் பூசணமும் இருக்கும், காற்றின் தழைச்சத்தைப் (நைட்ரஜனைப்) பிடிக்கும் வேர்முடிச்சுக்கான பிரான்கியா நுண்ணுயிரும் இருக்கும். 1885இல் மைக்கோரைசா என்று இந்த வேர்–பூசண உறவுக்குப் பெயர் வைத்தவர் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர். பிரான்கியாவும் அவர் பெயர்தான். சவுக்கு வேரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்த மனிதர்!

அடுத்த தடவை தோப்பு மண்ணோடு, பைக்கு மாற்றும்போது குழியில் ஒரு கரண்டி வேம் (VAM) என்ற வேர்ப் பூசண உரம் போட்டேன். உயிருள்ள வேர் இல்லாமல் அது பெருகாது என்பதால் மக்காச்சோள வேரில் வளர்த்து எடுப்பார்கள். டிஏபியை நிறுத்தினேன், பூசணத்தைக் கொல்லும் அழுகல் மருந்தையும்.

“என்னங்க, சோகை பிடிச்ச மாதிரி இருக்கு?” என்று ஒப்பந்ததாரர் நாற்றுக்கு ஐம்பது காசு குறைத்தார். கோடை முடிந்து போனேன். சாவு குறைவுதான், மழையும் கைகொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. ஒன்றைத் தோண்டினேன். வேர் பை அளவைத் தாண்டி ஒரு முழம் ஓடியிருந்தது.

இந்த வருடமும் அவர் பச்சை நாற்றுதான் கேட்கிறார்.