ஆலோசகருக்கு எவ்வளவு தருவது?

எங்கள் டெல்டா பக்கத்துத் தனியார் பள்ளிகளில் ஒரு கணக்கு ஆசிரியருக்கு என்ன சம்பளம் என்பது ஊருக்கே தெரியும். கும்பகோணத்தில் எவ்வளவு, மன்னார்குடியில் எவ்வளவு, பட்டுக்கோட்டையில் எவ்வளவு என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். பத்தாம் வகுப்பா, பன்னிரண்டா, வாரத்துக்கு எத்தனை பீரியட், பி.எட். உண்டா, போன வருடம் எத்தனை சென்டம் வாங்கிக் கொடுத்தார் என்று கேட்டால் தொகை ஏறக்குறைய வந்துவிடும். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு உதவுகிற பள்ளி ஆலோசகருக்கு (கவுன்சலர்) அப்படி ஒரு கணக்கு கிடையாது. நேர்காணல் அறையில் எதிரே இருப்பவர் மனதில் என்ன தோன்றுகிறதோ அதுதான் சம்பளம்.

எம்.எஸ்.சி. உளவியல் முடித்துவிட்டு நான் முதலில் சேர்ந்த பள்ளியின் தாளாளர் நல்ல மனிதர். அரிசி ஆலை நடத்திச் சம்பாதித்த பணத்தில் பள்ளி கட்டியவர். "நீங்க வாரத்துக்கு எத்தனை பீரியட் எடுப்பீங்கம்மா?" என்று கேட்டார். பாடம் எடுக்கமாட்டேன், பிள்ளைகளைத் தனித்தனியாகப் பார்ப்பேன், தேவைப்பட்டால் பெற்றோரை வரவழைத்துப் பேசுவேன் என்றேன். "சரிம்மா, பிள்ளைங்க வராத நேரத்துல?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஆளுக்குச் சம்பளம் தர அவருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் டைம்டேபிள். கடைசியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நன்னெறி வகுப்பு எடுப்பது, யாராவது விடுப்பு என்றால் அந்த பீரியடைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாகி, மாதம் 14,000 ரூபாய் என்று பேசினோம். அந்தப் பணம் நன்னெறி வகுப்புக்குத்தான். ஆலோசனை அறையில் நான் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு அதில் ஒன்றுமில்லை.

மாதம் பிறந்து கையெழுத்துப் போடப் போனால், சம்பளப் பட்டியலில் ஆசிரியர்கள் பெயரெல்லாம் முடிந்து ஒரு கோடு போட்டிருக்கும். கோட்டுக்குக் கீழே நூலகர், கம்ப்யூட்டர் ஆபரேட்டர், ஆய்வக உதவியாளர், அவர்களுக்கு நடுவில் நான். அவர்களோடு இருந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கோடு வெறும் மை இல்லை. கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்கு ஜூன் மாதம் இன்கிரிமென்ட், மே மாதம் முழுச் சம்பளம். கீழே இருந்தவர்களுக்கு மே மாதம் பாதி, உயர்வு என்பது கேட்டால்தான். படிப்பில் முதுநிலை ஆசிரியருக்குச் சமம், பட்டியலில் கோட்டுக்குக் கீழே. இந்த வேலையின் சம்பளம் தீர்மானமாகிற இடம் அந்தக் கோடுதான் என்று அங்கேயே புரிந்துவிட்டது.

விதி என்று ஒன்று இல்லாமல் இல்லை. சி.பி.எஸ்.இ. வாரியம் தன்னோடு இணையும் பள்ளிகளுக்கான இணைப்பு விதிகளில் மேல்நிலை வரை உள்ள பள்ளிகளுக்கு ஆலோசகர் வேண்டும் என்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 300 பேருக்குக் குறைவாக இருந்தால் பகுதிநேர ஆள் போதும் என்றும் சலுகை கொடுத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர் தற்கொலை தொடர்பான சுக்தேப் சாஹா வழக்கில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. நான் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு மனதார மகிழ்ந்தேன். ஆனால் ஆள் வை என்று சொல்வதும், அந்த ஆளை இந்த ஊதிய நிலையில் வை என்று சொல்வதும் வேறு வேறு. இரண்டாவதைச் சொல்லாதவரை, இணைப்பைப் புதுப்பிக்கும் ஆய்வு நாளில் காட்ட ஒரு பெயர் இருந்தால் போதும் என்று நினைக்கிற பள்ளிக்கு மலிவான ஆளே போதும்.

வேலையைக் காட்டிச் சம்பளம் கேட்கலாமே என்பார்கள். ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைக் காட்டுவார். நான் எதைக் காட்டுவது? மாதா மாதம் முதல்வருக்கு எத்தனை பிள்ளைகளைப் பார்த்தேன் என்று எண்ணிக்கை கொடுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். அப்பா வளைகுடாவில், அம்மா ஊரில் இருக்கும் மாமியாரோடு பேசுவதில்லை, நடுவில் இவள். மதிய உணவு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். முதலில் சில வாரங்கள் என் அறையில் வந்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ஒருநாள் பாதி தயிர்சாதம் சாப்பிட்டாள். அப்புறம் பேசினாள். அம்மாவையும் வரச்சொல்லிப் பேசினேன். அரையாண்டுத் தேர்வுக்குள் வருவதை நிறுத்திவிட்டாள், தோழிகளோடு மரத்தடியில் சாப்பிடப் போய்விட்டாள். என் வேலை அன்றைக்குத்தான் முடிந்தது. அறிக்கையிலோ அந்த மாதம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அவள் என்ன பேசினாள் என்பதை நான் யாரிடமும் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். (இங்கேகூட அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.) ரகசியம் காப்பதே அடிப்படையான ஒரு வேலைக்கு, வெளியே தெரிகிற பலனை வைத்துச் சம்பளம் நிர்ணயிக்கவே முடியாது. பதவிக்கென்று ஒரு நிலையான ஊதியம் இருந்தால்தான் சரிப்படும்.

எங்கள் பகுதிக்கென்று இன்னொன்று இருக்கிறது. தனியார் பள்ளிகளின் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழு நிர்ணயிக்கிறது. ஆனால் அந்தக் கட்டணம் கைக்கு வருவது எப்போது என்பதை வயல்தான் முடிவு செய்கிறது. மேட்டூர் அணையில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் குறுவை, அதன்பின் சம்பா, தாளடி என்று நெல் போகங்கள். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, வங்கியில் பணம் ஏறிய பிறகுதான் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பெற்றோர் பலர் நிலுவைக் கட்டணத்தைக் கட்டுவார்கள். அறுக்கும் நேரத்தில் தை மாத மழை பிடித்துக்கொண்டால் கட்டணமும் நின்றுவிடும். பள்ளி அப்போது செலவைக் குறைக்கப் பார்க்கும். கணக்கு ஆசிரியரைக் குறைக்க முடியாது. கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அதே வருடம்தான் என் அறைக்கு வருகிற பிள்ளைகளும் கூடுவார்கள். வீட்டில் கடன் பேச்சு, அப்பா குடி, ஊரைவிட்டுத் திருப்பூர் போய்விடலாம் என்கிற பேச்சு, எல்லாம் அவர்கள் காதில் விழும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் வேதாரண்யம், பேராவூரணி, முத்துப்பேட்டை பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்த பிறகு, காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே நடுங்குகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தேவை மிக அதிகமாக இருக்கும் வருடத்தில் ஆலோசகரின் சம்பளம் மிகவும் ஆட்டம் காண்கிறது. இந்த ஏற்பாடு பிள்ளைகளுக்கு எதிரானது என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

அரசுப் பக்கம் போனால் மட்டும் தீர்ந்துவிடுமா? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளிக்கு ஒருவர் என்று நிரந்தர ஆலோசகர் பணியிடம் இல்லை. மாணவர்கள் போன் செய்ய 14417 உதவி எண், குறைகளை எழுதிப் போட மாணவர் மனசு பெட்டி, இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் தினமும் பள்ளியில் இருந்து முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற ஆளுக்கு அவை ஈடாகாது. பக்கத்தில் காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால் அங்கே மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. நவோதயாக்களில் ஒப்பந்த ஆலோசகருக்கு மாதம் 44,900 ரூபாய் என்று விளம்பரம் வந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த எண், 7ஆவது ஊதியக் குழுவில் மத்திய அரசுப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம். ஆசிரியருக்கு அதன்மேல் அகவிலைப்படி, வருடா வருடம் உயர்வு. ஆலோசகருக்கு அந்தத் தொகையே எல்லாம், ஒப்பந்தம் முடியும்வரை. இப்படிப் படிகள் இல்லாமல் ஒரே தொகையாகத் தரும் தொகுப்பூதியம் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு நம் அரசுப் பள்ளிப் பகுதிநேர ஆசிரியர்களே சாட்சி. 2012இல் 5,000 ரூபாயில் சேர்ந்தவர்களுக்கு 10,000 ஆக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இதை எளிதாகவே வைத்திருக்கிறார்கள். பல மாவட்டங்களில் ஆசிரியருக்கும் ஆலோசகருக்கும் ஒரே ஊதிய அட்டவணை, படிப்பு ஒரு பக்கம், பணியாண்டு ஒரு பக்கம். யாரும் பீரியட் எண்ணுவதில்லை. டாலர் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது அந்த அட்டவணை மட்டும்தான்: முதுநிலை படித்த ஆலோசகரை முதுநிலை ஆசிரியரின் ஊதிய நிலையில் வைப்பது. தமிழ்நாடு அரசில் அது 36,900 ரூபாயில் தொடங்குகிறது. அவ்வளவு தர வசதியில்லாத சின்னப் பள்ளிகள் இருக்கின்றன, உண்மை. வலங்கைமான் பக்கம் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு பள்ளிகள் சேர்ந்து ஒருவரை வைத்து, முழுச் சம்பளத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். நான் அப்படி இரண்டு பள்ளிகளுக்கு மாறி மாறிப் போய் வேலை பார்த்திருக்கிறேன், நன்றாகவே நடந்தது. இரண்டு இடத்திலும் என்னை ஆசிரியர் பட்டியலில் எழுதச் சொல்லி முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது படித்துவிட்டு வருகிற பெண்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள், எவ்வளவு கேட்கலாம் அக்கா என்று. தொகையைக் கடைசியாகக் கேளுங்கள் என்பேன். நியமன ஆணையில் என்ன பதவிப் பெயர், ஆசிரியர் பட்டியலா மற்றவர்கள் பட்டியலா, மே மாதச் சம்பளம் உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா, விடுப்பு ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்கு அனுப்புவார்களா, பூட்டக்கூடிய கதவோடு ஓர் அறை உண்டா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். போன வருடம் ஒரு தங்கை அப்படியே கேட்டாள். தாளாளர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். கேட்டதைவிடத் தொகை கொஞ்சம் குறைவு, ஆனால் பெயர் கோட்டுக்கு மேலே, ஜூனில் உயர்வும் உண்டு என்று ஆணையில் எழுதியிருந்தது. சேர்ந்துவிடு என்றேன். சேர்ந்துவிட்டாள்.