இறக்கத்துல நடக்குற கால்

லேடீஸ் ஷூ டிசைனர்னு சொன்னா உடனே எல்லாரும் கேக்குறது ஷூவோட சிவப்பு அடிப்பாகத்தைப் பத்திதான். 1993ல லூபுட்டான்ங்கிற பிரெஞ்சு டிசைனர் நெயில் பாலிஷ் பூசி ஆரம்பிச்ச விஷயம் அது, அழகுதான். ஆனா படம் வரையுறது எனக்கு ஒரு நாள் வேலை, மீதி மாசக்கணக்கா நான் மல்லுக்கட்டுறது லாஸ்ட்டோட. கால் மாதிரியே செதுக்குன கட்டைதான் லாஸ்ட். அதுமேல மாஸ்க்கிங் டேப் ஒட்டி, டேப் மேலயே டிசைன் வரைஞ்சு, வெட்டி உரிச்சு அட்டையில படிய வச்சாத்தான் பேட்டர்ன் கிடைக்கும். வளைஞ்ச ஒண்ணைத் தட்டையா ஆக்குறோம்ல, அந்த இடத்துலதான் மில்லிமீட்டர் கணக்குல எல்லாமே தப்பாகும்.

கோத்தகிரிக்குத் திரும்பி வர்றதுக்கு முன்னாடி ஆம்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில ஆறு வருஷம் இருந்தேன். நான் முதல்ல பண்ணது 85 மில்லிமீட்டர் ஹீல் வச்ச ஒரு பம்ப் ஷூ, அதாவது கட்ட கயிறோ வாரோ இல்லாதது. போட்டுப் பாத்த பொண்ணு பத்து நிமிஷத்துல கழட்டிட்டா, விரலெல்லாம் சிவந்து போச்சு, ஆனா பின்னாடி குதிகால்ல என் விரல் நுழையுற அளவுக்கு இடைவெளி. விரல் பக்கம் டைட்டுன்னு நினைச்சு முன்னாடி அகலமாக்குனேன். அடுத்த சாம்பிள் இன்னும் மோசமா கடிச்சுது. எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

அந்த லீவுல வீட்டுக்கு வந்தப்ப, அம்மா பறிச்ச கொழுந்து மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு மழையில வழுக்குற இறக்கத்துல முன்னாடி இறங்குறாங்க, நான் ஒரு பழைய லூஸ் கேன்வாஸ் ஷூ போட்டு பின்னாடி போறேன், கட்டைவிரல் நகம் போய் முன்னாடி இடிச்சுக்கிட்டே இருக்கு. திரும்பிப் பாத்துட்டு அம்மா, "இறக்கத்துல லூஸா போட்டா விரல்தாண்டி வாங்கும், மேல கயித்த இழுத்துக் கட்டு"ன்னாங்க. இழுத்துக் கட்டினேன், நின்னுடுச்சு. அப்படியே அங்கயே நின்னுட்டேன். ஹீல்ஸ் போட்ட கால் சமதரையில நிக்கல, எப்பவும் இறக்கத்துலதான் நிக்குது! முன்னாடி இடம் விட்டா கால் இன்னும் சறுக்கிப் போய் முட்டத்தான் செய்யும், நடுப்பாதத்துலதான் பிடிச்சு நிறுத்தணும்.

ஆம்பூருக்குப் போனதும் மாஸ்டர் பாய்கிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசாம அரம் எடுத்து கட்டையோட இடுப்புல, அதாவது நடுப்பாதம் வர்ற இடத்துல, கொஞ்சம் கொஞ்சமா ராவினார், குதிகால் உக்கார்ற இடத்த சரிவா இல்லாம லேசா கிண்ணம் மாதிரி குழிச்சார். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு அரை மணி நேரம் நடந்தா.

ஷூ ஏன் வலிக்குதுங்கிற இந்தக் கேள்விய ஒருத்தர் நூறு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கார். சால்வத்தோரே ஃபெர்ரகாமோ, 1898ல இத்தாலியில பிறந்தவர், ஒன்பது வயசுலயே ஷூ தைச்சவர். அமெரிக்கா போய் ஹாலிவுட்காரங்களுக்கு செஞ்சு குடுத்துட்டு இருந்தப்பவும் அழகான ஷூ ஏன் வலிக்குதுன்னு தெரியாம விடமாட்டேன்னு யுனிவர்சிட்டியில உடற்கூறு படிச்சார். உடம்பு எடை பாதத்தோட வளைவுலதான் வந்து இறங்குதுன்னு புரிஞ்சு அந்த இடத்துக்கு அடியில எஃகுப் பட்டை வச்சார், அதைத்தான் நாங்க ஷாங்க்னு சொல்றோம். அப்புறம் இத்தாலிக்கே திரும்பிட்டார், 1930கள்ல அந்த நாட்டு மேல தடை வந்து நல்ல எஃகு கிடைக்காம போனப்ப கார்க்க அடுக்கி வளைவு முழுக்க நிரப்பிட்டார், அப்படி வந்ததுதான் வெட்ஜ் ஹீல். வலிய ஒரு டிசைன் கேள்வியா எடுத்துக்கிட்ட மனுஷன், அதனாலயே எனக்கு அவர்மேல அவ்வளவு மரியாதை.

இங்க கோத்தகிரியில வேலை செய்யுறதுல கஷ்டம் ஈரம்தான். ஐப்பசி கார்த்திகை மழையில லைனிங் தோல்ல வெள்ளையா பூஞ்சை பூத்துடும், அலமாரிக்குள்ள எப்பவும் ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பு எரியணும். ஆம்பூர் வெயில்ல ரெண்டு நாள்ல காய்ஞ்சு கட்டையில படியுற தோல், இங்க ஒரு வாரம் ஆகுது. ஆனா மெதுவா காய்ஞ்ச தோல் கட்டையோட வடிவத்த நல்லா பிடிச்சுக்குதுன்னு எனக்குத் தோணுது, அதனால அவசரப்படுத்துறதில்ல.

ஒர்க்‌ஷாப்ல சாய்வா ஒரு பலகை போட்டிருக்கேன், எந்த ஜோடியா இருந்தாலும் அதுல இறங்கிக் காட்டணும். நேத்து ஒரு கல்யாணப் பொண்ணோட ஷூவுக்கு அஞ்சாவது ட்ரையல். இடுப்புல நல்லா பிடிக்குது, குதிகால் அசையல. வலது சுண்டுவிரல் பக்கம் மட்டும் 2 மில்லி இடம் வேணும். கட்டையில அந்த இடத்துல ஒரு துண்டு தோல் ஒட்டி காய வச்சிருக்கேன், மத்தியானம் தேய்க்கணும்.